கார்க்கும் ஆவாரம்பட்டையும்: காலணிக் கலை பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியரே,

சென்னையிலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலையும் காலணியையும் பாடமாக எடுத்துப் படிக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். 2025 ஜூன் மாதம் மிலானில் நடந்த ஆண்கள் ஆடை அணிவகுப்பில், பார்த்தவுடன் கோலாப்பூரிச் செருப்பு என்று சொல்லக்கூடிய செருப்புகளை பிராடா நிறுவனம் மேடையேற்றியது. எந்த நாட்டுச் செருப்பு, யார் கைவேலை என்று ஒரு வார்த்தை இல்லை. இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. உங்களில் பலருக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கோபத்தோடு ஒரு கேள்வியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இத்தாலிய நிறுவனங்கள் தங்கள் நாட்டை எப்படித் தங்கள் முகமாக்கிக்கொண்டன? பிராடாவின் சின்னத்தையே பாருங்கள். 1913-ல் மிலானின் விட்டோரியோ இமானுவேலே வணிகக்கூடத்தில் தொடங்கிய தோல்பொருள் கடை அது. 1919-ல் இத்தாலிய அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் அனுமதி கிடைத்தது. சவோய் அரசகுலத்தின் கேடயமும் முடிச்சுக் கயிறும் கடையின் சின்னத்தில் ஏறின. 1946-ல் இத்தாலியர்கள் வாக்களித்து முடியாட்சியை முடித்துவைத்தார்கள். கேடயம் மட்டும் கைப்பையில் தங்கிவிட்டது. வெர்சாசேயின் மெதுசா தலையும் இப்படித்தான், பழைய கிரேக்கக் குடியேற்றங்கள் இருந்த தென் இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் தன் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. இவையெல்லாம் சின்னங்கள். சின்னத்தை யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பொருளுக்குள்ளேயே, தோலிலும் தையலிலும் ஒரு நாடு எப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நீங்கள் படிக்க வேண்டியவர் சால்வதோரே ஃபெர்ரகாமோ. உங்கள் தொழில்காரர். செருப்புத் தைத்தவர்.

1898-ல் நேப்பிள்ஸுக்குக் கிழக்கே, மலைப்பாங்கான இர்ப்பீனியா வட்டாரத்தில் போனிட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு குழந்தைகளில் பதினோராவது. நிலத்தை நம்பிய ஏழைக் குடும்பம். செருப்புத் தைப்பது அந்த ஊரில் தாழ்ந்த வேலை. பிள்ளை அதற்குப் போவதில் பெற்றோருக்கு விருப்பமில்லை. முதல் நற்கருணைக்குப் போகும் தங்கைக்கு நல்ல செருப்பு இல்லை என்றபோது, ஒன்பது வயதுப் பையன் ராவெல்லாம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தான் என்பது அந்தக் குடும்பம் இன்றும் சொல்லும் கதை.

இந்த இடத்தை அவசரமாகக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. தோல் வேலையை நம் நாடு சாதியின் இழிவோடு சேர்த்துக் கட்டி வைத்தது. போனிட்டோவில் இருந்தது வறுமையும் தொழிலின் மேல் இருந்த இளக்காரமும்தான். தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமையைச் சுமந்தவர்களின் நிலையோடு அதைச் சமமாக வைக்க முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இன்று இத்தாலி தன் பெருமை என்று உலகத்துக்குக் காட்டும் ஒரு பெயர், அந்த நாடே ஏளனமாகப் பார்த்த ஒரு தொழிலிலிருந்து வந்தது. அந்தப் பெருமையை நாடு அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் செய்து நாட்டுக்குக் கொடுத்தார்.

பதின்ம வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். பாஸ்டனில் ஒரு காலணி ஆலையைப் பார்த்தார். இயந்திரம் தள்ளிய கனத்த காலணிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவுக்குப் போய்ப் படக்கம்பெனிகளுக்கு பூட்ஸ் தைத்தார். 1923-ல் செசில் பி. டெமில் எடுத்த ‘பத்துக் கட்டளைகள்’ படத்துக்குச் செருப்புகள் அவருடையவை. அதே ஆண்டில் ஹாலிவுட்டில் கடை திறந்தார். காலணி அழகாக இருந்தும் கால் ஏன் வலிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு வகுப்பில் போய் உட்கார்ந்தார். நிற்கும்போது உடலின் பாரம் பாதத்தின் வளைவில் இறங்குகிறது, அந்த வளைவுக்குத் தாங்கல் வேண்டும் என்று கண்டுகொண்டார். அந்த இடத்தில் மெல்லிய எஃகுப் பட்டை வைத்துத் தைத்தார். நீங்கள் ஷேங்க் என்று முதல் பருவத்திலேயே படிக்கிறீர்களே, அதுதான். அதை அவர் பிடித்தது எந்த இத்தாலியப் பட்டறையிலும் அல்ல, ஓர் அமெரிக்க வகுப்பறையில்.

1927-ல் திரும்பி வந்தார். சொந்த ஊருக்குப் போகவில்லை. நேப்பிள்ஸில் கடை போடவில்லை. கைவினைஞர்களைத் தேடிப் பல நகரங்களைச் சுற்றிவிட்டு ஃப்ளாரன்ஸைத் தேர்ந்தெடுத்தார். அங்கே தோல், வைக்கோல் பின்னல், நூல் வேலை, தங்க வேலை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பார்க்க வரும் பணக்கார அமெரிக்கர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவருடைய முறையைக் கேட்ட மூத்த தொழிலாளிகள் பலர் தலையாட்டவில்லை. அமெரிக்க ஆலையில் பார்த்ததைத்தான் அவர் கொண்டு வந்தார். இயந்திரத்தின் இடத்தில் மனிதக் கை. ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தை மட்டும் கையால் முடித்து அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். பெரியவர்கள் மறுத்ததால் இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். ‘ஃப்ளாரன்ஸின் கைவினை மரபு’ என்று விளம்பரத்தில் வாசிக்கிறோமே, அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை அது ஒரு தெற்கத்திக்காரர், அமெரிக்க வேலைமுறையை, ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டார இளைஞர்களின் கையில் ஏற்றியதால் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டால் மரபு சிறுத்துப்போவதில்லை. அது எப்படி உண்டாகிறது என்பது விளங்குகிறது.

உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க ஆர்டர்கள் நின்றன. 1933-ல் நிறுவனம் திவாலானது. ஒரே சந்தையை நம்பியதன் விலை அது. ஆம்பூரிலும் இந்தக் கதை அறிந்தவர்கள் இருப்பார்கள். அவர் மறுபடி எழுந்து, இம்முறை இத்தாலியப் பெண்களுக்காகவே தைக்கத் தொடங்கினார்.

அடுத்து வருவதுதான் இந்த மடலின் நடுப்புள்ளி. 1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. விஷவாயு வீசிக் கொன்ற போர் அது. நாடுகளின் கழகம் இத்தாலி மேல் பொருளாதாரத் தடை விதித்தது. எல்லாவற்றையும் நாமே உற்பத்தி செய்வோம் என்று பாசிச அரசு முழங்கியது. பாலிலிருந்து லனிதால் என்ற நூலே எடுத்தார்கள். நல்ல எஃகு ஆயுதத்துக்குப் போனது. ஃபெர்ரகாமோவுக்குக் கிடைத்த எஃகு மட்டமானது. ஷேங்க்குகள் ஒடிந்தன, வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். எஃகே இல்லாமல் பாத வளைவைத் தாங்க என்ன வழி? சார்டீனியாத் தீவின் கார்க் மரப்பட்டையை எடுத்தார். அது மது பாட்டில்களுக்கு மூடி செய்த பொருள். துண்டு துண்டாக வெட்டி, ஹீலுக்கும் முன்பாதத்துக்கும் இடையில் இருந்த வெற்றிடம் முழுவதையும் அடைத்து ஒட்டினார். வெட்ஜ் ஹீல் பிறந்தது. உங்கள் அம்மாவும் அத்தையும் போட்ட வெட்ஜ் செருப்பு வரை நீளும் கதை இது. 1938-ல் நடிகை ஜூடி கார்லண்டுக்காக அடுக்கடுக்கான கார்க் மேல் பல வண்ண மென்தோல் சுற்றி அவர் செய்த செருப்பு இன்று அருங்காட்சியகத்துப் பொருள்.

தட்டுப்பாடு அவரை அடுத்தடுத்து ஓட்டியது. அம்மாவுக்கு வாங்கிய சாக்லேட்டின் ஒளி ஊடுருவும் தாளைப் பார்த்து, பொன் வெள்ளி நிறத் தோலுக்குப் பதிலாக அதை முறுக்கி நெய்து மாலை விருந்துக் காலணிக்கு அப்பர் செய்தார். ராஃபியா, சணல், மீன் தோல் என்று கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்தார். டஸ்கனியில் தவர்னெல்லே ஊர்ப் பெண்கள் ஊசியில் போட்ட லேஸ் வேலை அவருடைய காலணியின் மேல்பாகமானது. தோல் இல்லாத இடத்தில்தான் ஊர் உள்ளே வந்தது. தோல் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்தப் பெண்களின் ஊசி அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்புகளை மட்டும் போற்றிவிட்டுப் போரை மறைத்தால் நாம் பொய் சொல்கிறோம். வெட்ஜ் ஹீலின் பின்னால் ஓர் ஆப்பிரிக்க நாட்டின் மேல் நடந்த அநியாயம் இருக்கிறது. 1935-ல் டூரின் நகரில் தேசிய ஆடைக் கழகம் ஒன்றை வைத்து, பாரிஸைப் பார்க்காதே, இத்தாலியனாக உடுத்து என்று கட்டளையிட்டதும் அதே பாசிச அரசுதான். ஃபெர்ரகாமோ முசோலினிக்கும் காலணி தைத்தார். தன்வரலாற்று நூலில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தேசிய மரபு என்ற சொல்லை அதிகாரம் எப்படியெல்லாம் எடுத்தாளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரு மரபின் முழுக் கதையையும் சொல்லத் துணிவில்லாதவர்கள் அதைப் பெருமையாகப் பேசக்கூடாது என்பது என் கருத்து. நம் ஊர்க் கதைக்கும் இது பொருந்தும்.

1938-ல் அவர் பலாத்சோ ஸ்பீனி ஃபெரோனியை விலைக்கு வாங்கினார். ஆர்னோ ஆற்றங்கரையில், சாந்தா திரினிதா பாலத்தருகே, 1289-ல் எழும்பிய கோட்டை போன்ற மாளிகை. ஃப்ளாரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த சில ஆண்டுகளில் நகராட்சியே அங்கேதான் நடந்தது. ஐந்தே ஆண்டுக்கு முன் திவாலான செருப்புத் தொழிலாளி ஒருவர் அங்கே பட்டறை வைத்தார். அந்த மாளிகையின் இரும்புக் கொக்கி வடிவமே பிற்பாடு கான்சினி என்று நிறுவனத்தின் கைப்பை, பெல்ட் எல்லாவற்றிலும் பூட்டாக அமர்ந்தது. கட்டடம் வாங்கிய கதை. அதிலிருந்து உலோகப் பூட்டு எடுத்த கதை. ஒரு நிறுவனம் தன் ஊரைத் தேர்ந்தெடுத்து, பின் அந்த ஊரின் பெயராகவே மாறுவது இப்படித்தான்.

போர் முடிந்தபின் 1947-ல், தூண்டில் நரம்பாகப் பயன்பட்ட நைலான் இழையை வைத்து, காலில் இருப்பதே தெரியாத செருப்பைச் செய்தார். ஆர்னோவில் மீன் பிடிப்பவரிடம் கண்டது என்பார்கள். இழை அமெரிக்கக் கண்டுபிடிப்பு, ஆறு ஃப்ளாரன்ஸுடையது. அந்த ஆண்டு டல்லாஸில் நெய்மன் மார்கஸ் விருதைக் கிறிஸ்தியன் டியோருடன் சேர்ந்து பெற்றார். அதன்பின் 1951 பிப்ரவரியில் ஜோவான்னி பத்தீஸ்தா ஜோர்ஜீனி என்ற வணிகர் ஃப்ளாரன்ஸில் தன் வீட்டிலேயே அமெரிக்கக் கொள்முதலாளர்களை வரவழைத்து இத்தாலிய வடிவமைப்பாளர்களின் ஆடைகளைக் காட்டினார். பாரிஸைப் பிரதி எடுக்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. அடுத்த ஆண்டு அது பித்தி மாளிகையின் வெள்ளைக் கூடத்துக்கு மாறியது. ‘இத்தாலிய ஃபேஷன்’ என்று உலகம் இன்று ஒரே மூச்சில் சொல்வதற்கு அடித்தளம் போட்ட நாட்களில் அவை முக்கியமானவை. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டு வரலாறு.

1960-ல் ஃபெர்ரகாமோ இறந்தார். அதே போனிட்டோவைச் சேர்ந்த அவர் மனைவி வாண்டாவுக்கு அப்போது 38 வயது, ஆறு பிள்ளைகள், அதுவரை தொழிலில் கால் வைக்காதவர். நிறுவனத்தைக் கையில் எடுத்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார். மகள் ஃபியாம்மா 1978-ல் வடிவமைத்த வாரா காலணி இன்றும் விற்கிறது. 1995-ல் அந்த மாளிகையிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வருவது இங்கே இருக்கிறது. ஃபெர்ரகாமோ உயிரோடு இருந்த காலத்திலேயே நூற்றுக்கணக்கான காப்புரிமைகளைப் பதிவு செய்திருந்தார். வாடிக்கையாளர்களின் பாத அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டைகள், பெயர் எழுதிய லாஸ்ட்டுகள், எறியப்படாமல் இருந்தன. மாதிரிகள் ஆயிரக்கணக்கில் காப்பாற்றப்பட்டிருந்தன. 1957-ல் தன் வரலாற்றைப் புத்தகமாகவே வெளியிட்டிருந்தார். 2022-ல் அந்த நிறுவனத்தின் படைப்புப் பொறுப்பை ஏற்ற மாக்ஸிமிலியன் டேவிஸ், கரீபிய வேர்கொண்ட பிரித்தானிய இளைஞர், மான்செஸ்டரில் வளர்ந்தவர். அவர் இத்தாலியர் இல்லை. ஆனாலும் அந்த மரபை எடுத்து வேலை செய்ய முடிந்தது, ஏனென்றால் அது கையால் தொட்டுப் பார்க்கும்படி அலமாரியில் இருந்தது. ரத்தத்தில் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இப்போது நம் பக்கம் வருகிறேன்.

டஸ்கனியில் சாந்தா குரோச்சே, சான் மினியாத்தோ வட்டாரத்தில் தாவரச்சாறு கொண்டு தோல் பதனிடும் ஆலைகள் 1994-ல் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. அவர்கள் தோலில் செய்த பொருளோடு எண் இட்ட உத்தரவாதச் சீட்டு வரும். அவர்கள் பயன்படுத்தும் தாவரச்சத்தில் செஸ்ட்நட் மரத்துடையது உண்டு; தென் அமெரிக்கக் கெப்ராச்சோ மரத்துடையதும், வேலமர வகையான மிமோசாவுடையதும் உண்டு. மரம் வெளிநாட்டுடையது, முறையும் கையும் பொறுமையும் தங்களுடையவை என்று அவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

நம்மிடம் ஆவாரம்பட்டை இருந்தது. வறண்ட காட்டில் தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கும் அதே ஆவாரை. அதன் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் பதனான ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போயின. இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஐரோப்பா அதை அறிந்தது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி என்று ஊர்கள் அதைச் செய்தன. தலித் மக்களும் இஸ்லாமியரும் தோள் கொடுத்து நிறுத்திய தொழில் அது. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்தத் தோலைத் தொட்டிருக்கிறீர்கள்? பதனிட்ட ஒருவரின் பெயராவது உங்கள் பாடநூலில் இருக்கிறதா?

நம் கதையிலும் மறைக்கக்கூடாதது உண்டு. குரோம் பதனிடல் பெருகிய காலத்தில் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும் வயல்களும் கெட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவர்களே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆம்பூர் பக்கத்து வீடுகளில் பெண்கள் துண்டுக்குக் கூலி வாங்கி அப்பர் தைக்கிறார்கள். அந்தக் காலணி ஐரோப்பாவில் விற்கும்போது அவர்கள் ஊரின் பெயர் எங்கும் இல்லை. இத்தாலியும் இதில் தூய்மையானதல்ல. 2024-ல் மிலான் நீதிமன்றம் அர்மானி குழுமத்தின் ஒரு நிறுவனத்தையும் டியோரின் இத்தாலியத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றையும் சில காலம் நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்படுவதைத் தடுக்கத் தவறினார்கள் என்பது காரணம். ‘இத்தாலியில் செய்தது’ என்ற சீட்டு தைத்தவரின் கூலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆகவே பிராடா மேல் கோபப்படுங்கள், கூடவே வேலையும் செய்யுங்கள். இத்தாலியரின் மாளிகையும் அரசகேடயமும் நமக்கு வேண்டாம். ஃபெர்ரகாமோ செய்த மற்றதெல்லாம் நம் கைக்கு எட்டும்: கிடைத்ததை வைத்துச் செய்தார், செய்ததைப் பதிவு செய்தார், மாதிரியை எறியாமல் வைத்தார், தன் கதையைத் தானே எழுதினார். உங்கள் கல்லூரிகளில் பழைய லாஸ்ட்டுகளையும் மாதிரிகளையும் எடைக்குப் போடாமல் ஓர் அறையில் அடுக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கேளுங்கள். வயதான பதனிடும் தொழிலாளிகளிடம் போய் உட்கார்ந்து, தொட்டியில் எத்தனை நாள், எந்தப் பட்டை, எவ்வளவு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறிவு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பொருள் தேடும்போது ஆவாரம்பட்டைத் தோலை எடுங்கள். செய்து முடித்த காலணியின் உள்ளே உங்கள் பெயரை அச்சிடும்போது, தோலைப் பதனிட்டவர் பெயரையும் அப்பர் தைத்த பெண்ணின் பெயரையும், அவர்கள் ஊரையும் கூடவே அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலை மதிக்கும் ஓர் எழுத்தாளர்